ஒரே இரவு, இரண்டு டீம்: சிறப்புப் படையில் அதிர்ஷ்டமும் பேரும்

சிறப்புப் படைத் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் என்னிடம் கேட்பதெல்லாம் உடம்பைப் பற்றித்தான். எவ்வளவு தூரம் ஓட வேண்டும், முதுகில் எவ்வளவு எடை ஏற்ற வேண்டும், தூங்காமல் எப்படித் தாக்குப்பிடிப்பது. இதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்காத இரண்டு விஷயங்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒன்று அதிர்ஷ்டம், இன்னொன்று பேர். பாரா படையின் அடையாளமான மெரூன் தொப்பி தலையில் ஏறிய பிறகு உங்களை யார் நம்புவார்கள், எந்த வேலைக்கு அனுப்புவார்கள், யாரோடு அனுப்புவார்கள் என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் முடிவு செய்யும். பேரில் எவ்வளவு பங்கு அதிர்ஷ்டம் என்று கணக்குப் பார்க்கத் தெரியாத படைப்பிரிவு, தப்பான ஆளைத் தலைவனாக்கும், சரியான ஆளை ஓரங்கட்டும். அதற்கு அடுத்த சண்டையில் வேறு யாரோ உயிரைக் கொடுப்பார்கள்.

நான் பாரா சிறப்புப் படையில் ஜவானாகச் சேர்ந்து ஜே.சி.ஓ.வாக (ஜவானுக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவி) ஓய்வு பெற்றவன். ஒரு போரைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் எல்லையில் செய்த வேலைகள் தனி. இடம், தேதி, பட்டாலியன், கூட இருந்தவர்களின் பெயர் எதையும் எழுதப் போவதில்லை. அவை இல்லாமலே விஷயம் புரியும்.

போர் உச்சத்தில் இருந்த சமயம். ஒரு முகட்டில் எதிரி பலமாக உட்கார்ந்திருந்தான். முன்பக்கமாக ஏறிய காலாட்படைக்கு இழப்பு அதிகம். முகட்டுக்குப் பின்னால் போகும் சப்ளைப் பாதையை அறுத்தால்தான் அவன் பிடி தளரும். அந்தப் பாதையை நோக்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாறைச் சரிவுகள் ஏறின. சரிவுக்கு ஒரு டீம் என்று முடிவானது. எங்கள் டீம் ஒன்று, இன்னொரு கேப்டனின் டீம் ஒன்று. இரண்டு டீமுக்கும் ஒரே ரெக்கி (முன்கூட்டியே இடத்தை உளவு பார்த்த) அறிக்கை. மண்ணில் செய்துவைத்த ஒரே மாடலைச் சுற்றி உட்கார்ந்துதான் பிரீஃபிங் கேட்டோம். கயிறு, கையெறி குண்டு, ரேடியோ செட் எல்லாம் ஒரே மாதிரி. யாருக்கு எந்தச் சரிவு என்பதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கேம்ப்புக்கு முதலில் வந்து சேர்ந்தவர்களுக்கு இடது, அடுத்து வந்தவர்களுக்கு வலது. எங்கள் லாரி வழியில் நின்றுவிட்டதால் நாங்கள் பின்னால் வந்தோம். வலது எங்களுக்கு வந்தது.

நள்ளிரவு தாண்டி மேகம் இறங்கியது. எங்கள் சரிவின் மேல் அப்படியே படிந்துவிட்டது. முன்னால் போகிறவனின் முதுகு தெரியவில்லை. பாறையைக் கையால் தடவித் தடவி ஏறினோம். குறித்த நேரத்துக்கு வெகுவாகப் பின்தங்கிவிட்டோம் என்பதால் எல்லோரும் மனதுக்குள் அந்த மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். அப்போது எங்களில் யாருடைய காலடியிலிருந்தோ ஒரு கல் பெயர்ந்து உருண்டது. மேலே காவலுக்கு இருந்தவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். வெளிச்சக் குண்டு சுட்டான். எங்களைச் சுற்றி எல்லாம் வெளுத்துப்போனது. மேகத்தைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரிந்திருக்காது.

அதே வெளிச்சம் இடது சரிவின் மேலும் விழுந்தது. அங்கே மேகம் இல்லை. மொட்டைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தெரிந்தார்கள். ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மெஷின் கன் அவர்கள் பக்கம் திரும்பியது. இரண்டு பேர் அங்கேயே போனார்கள். இன்னொருவனுக்குத் தொடையில் குண்டு. அந்த கேப்டன் பதில் சூடு கொடுக்க ஆள் நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பக்கத்துப் பள்ளத்துக்குள் இறக்கினார். காயம்பட்டவனையும் இறந்த இருவரையும் விடிவதற்கு முன் கீழே கொண்டுவந்து சேர்த்தார். முகட்டில் இருந்தவர்களின் கவனம் முழுக்க அவர்கள்மேல் இருந்த அந்த நேரத்தில்தான் நாங்கள் மிச்சத் தூரத்தைக் கடந்தோம். பாதையை அடைந்தோம். விடியற்காலையில் வந்த சப்ளைக் குழுவை ஆம்புஷ் செய்தோம், அதாவது பதுங்கியிருந்து தாக்கினோம். பாதை அறுந்தது, சில நாட்களில் முகடு விழுந்தது, பேர் எங்களுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. எங்களைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். எப்படி ஏறினீர்கள், எப்படி மறைந்தீர்கள் என்று விசாரித்தார்கள். எங்களுக்கு ‘ராசியான டீம்’ என்று பேர் விழுந்தது. கதை ஒரு கேம்ப்பிலிருந்து இன்னொரு கேம்ப்புக்குப் போகப் போக மாறியது. முதலில் அதிலிருந்து காணாமல் போனது உருண்ட கல். அப்புறம் மேகம் போனது. மேகம் வரும் என்று கணித்துத்தான் வலது சரிவைக் கேட்டு வாங்கினோம் என்று ஒருவர் சொல்வதை நானே கேட்டேன். கடைசியில் மிஞ்சியது எங்கள் திறமை மட்டும். பக்கத்து டீமின் கதையும் மாறியது. அவசரப்பட்டு ஏறினார்கள், வானிலையைப் பார்க்கவில்லை, கேப்டனுக்கு அனுபவம் போதாது. இதைச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தச் சரிவில் இருந்ததில்லை.

எங்கள் டீமில் மூத்த ஹவில்தார் ஒருவர் இருந்தார், தமிழ்க்காரர். ஒரு ராத்திரி காவல் மாறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, மேகம் நம்ம பக்கம் வந்துச்சு, அவங்க பக்கம் போகலை. மத்ததெல்லாம் ஒண்ணுதான். இதை எவன் மறந்தாலும் நீ மறக்காத.” நான் மறக்கவில்லை. பிறகு சிறப்புப் படைகளின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது இதே கதை வேறு வேறு நாடுகளில், வேறு வேறு சீருடைகளில் திரும்பத் திரும்ப வந்தது.

1980 ஏப்ரல் 24. டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க நிமிட்ஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. குறைந்தது ஆறு தேவை என்பது கணக்கு. ஒன்று இறக்கையில் கோளாறு என்று எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் பாலைவனத்திலேயே கைவிடப்பட்டது. ஒன்று புழுதி மண்டலத்துக்குள் மாட்டித் திரும்பிப் போனது. ஒன்று ஹைட்ராலிக் பழுதால் பயனற்றுப் போனது. மிஞ்சியது ஐந்து. திட்டத்தைக் கைவிட்டார்கள். கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் ஏற்றி வந்த விமானத்தின் மேல் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். பதினோரு நாள் கழித்து, மே 5 அன்று, லண்டனில் ஈரான் தூதரகத்துக்குள் பிணைக்கைதிகளை மீட்க பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படை நுழைந்தது. அங்கேயும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. கயிற்றில் இறங்கிய ஒருவர் நடுவில் சிக்கிக்கொண்டார். ஒருவரின் கால் பட்டு ஜன்னல் உடைந்து சத்தம் வந்தது. தீ பிடித்தது. ஆனாலும் 17 நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். உலகமே அதைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தது. ஒரே மாதத்துக்குள் ஒரு படை கேலிக்கு ஆளானது, இன்னொரு படை புராணமாகிவிட்டது. எஸ்.ஏ.எஸ்.ஸின் பயிற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. சிக்கிய கயிற்றை அங்கேயே அறுத்துவிட முடிந்தது, பழுதான ஹைட்ராலிக்கைப் பாலைவனத்தில் அந்த நேரத்தில் சரிசெய்ய வழியில்லை. இந்த வித்தியாசத்தில் வீரர்களின் தரத்துக்குப் பெரிய பங்கு இல்லை என்கிறேன்.

அதே எஸ்.ஏ.எஸ். இரண்டு வருடம் கழித்து அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்துப் போரில் அதிர்ஷ்டத்தின் எல்லா முகங்களையும் பார்த்தது. 1982 ஏப்ரலில் தெற்கு ஜார்ஜியாவின் பனியாற்றில் அவர்களுடைய டி ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் ஒரு குழு புயலில் மாட்டிக்கொண்டது. மீட்கப் போன இரண்டு ஹெலிகாப்டர்கள் பனிமூட்டத்தில் அடுத்தடுத்து விழுந்தன. ஒருவர்கூட சாகவில்லை. மூன்றாவது ஹெலிகாப்டரில் இருந்த விமானி இயன் ஸ்டான்லி திரும்பப் போய், அளவுக்கு மீறிய சுமையோடு எல்லோரையும் கொண்டுவந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, அது. மே 14 இரவு அதே டி ஸ்குவாட்ரன் பெப்பிள் தீவில் இறங்கி 11 விமானங்களை அழித்துவிட்டு, ஓரிரு காயங்களோடு திரும்பியது. மே 19 அன்று ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறும் சாதாரணப் பயணத்தில், சில நிமிட தூரத்தில், ஒரு சீ கிங் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் எஸ்.ஏ.எஸ்.காரர்கள், பெப்பிள் தீவுக்குப் போன ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. ஒரு பறவை மோதியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். எதிரி விமான தளத்துக்குள் நடந்து போய்த் திரும்பியவர்களை ஒரு பறவை கொண்டுபோயிருக்கலாம் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எல்லாப் போரிலும் அதிர்ஷ்டம் உண்டுதான். சிறிய படைக்கு அது ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு டிவிஷனில் பத்து வண்டி நின்றுபோனால் மிச்ச நூற்றுக்கணக்கான வண்டிகள் போகும். எட்டுப் பேர் எதிரியின் பின்பக்கத்துக்குள் போயிருக்கும்போது ஒரு ரேடியோ செத்தால் மொத்தமும் ஆடிப்போகும். அங்கே பீரங்கி ஆதரவு எட்டாது, மாற்று ஆள் வராது. எதிரிக்குத் தெரியாது என்ற ஒரே நம்பிக்கையின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. ஒரு நாய் குரைத்தால், ஆடு மேய்க்க வந்த ஒரு சிறுவன் நிமிர்ந்து பார்த்தால் அதுவும் போய்விடும். ஆள் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுகிறது. ‘நாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எங்களுக்கு அதிர்ஷ்டம் தேவையில்லை’ என்று மார்தட்டும் இளைஞன் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறான். சாதாரணக் காலாட்படை வீரனைவிட அவன்தான் அதிர்ஷ்டத்தின் தயவில் அதிகம் வாழ்கிறான்.

1988 நவம்பர் 3 இரவு மாலத்தீவுக்கு நம் பாராசூட் படை போனதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ராவிலிருந்து ஐ.எல்-76 விமானங்கள் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து ஹுல்ஹுலே தீவின் ஓடுபாதையில் இறங்கின. ஆட்சியைக் கவிழ்க்க வந்த கூலிப்படை மாலே நகரத்துக்குள் இருந்தது, ஆனால் விமான நிலையத்தைப் பிடிக்காமல் விட்டிருந்தது. ஓடுபாதை ஓரத்தில் நாலு பேர் ஒரு மெஷின் கன்னோடு உட்கார்ந்திருந்தால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று யோசியுங்கள். அத்தனை குறுகிய நேரத்தில் கிளம்பிப் போனது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. பாராட்டும்போது அந்தக் காலியான ஓடுபாதையையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அடுத்த முறை இப்படி ஒரு வேலை வந்தால் ஓடுபாதை காலியாக இருக்காது என்று நினைத்துத் திட்டம் போட அதுதான் உதவும்.

சரி, பேருக்கு வருகிறேன்.

பேர் ஒரு ஆயுதம். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எல்லையில் ஒரு தேடுதல் வேலையில் எங்கள் தொப்பியைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர்கள் ஒரு குண்டுகூடச் சுடாமல் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சம்பாதித்து வைத்த பேர் அன்று எங்கள் உயிரையும் காப்பாற்றியது, அவர்கள் உயிரையும் காப்பாற்றியது. 1971 டிசம்பர் 11 அன்று கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) டாங்காயிலில் குதித்த 2 பாரா பட்டாலியன் குழுவில் இருந்தவர்கள் சுமார் 700 பேர். உலகச் செய்திகளில் போனது 5,000 பேர் என்று. டிசம்பர் 16 அன்று டாக்கா சரணடைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. முற்றுகைக்குள் இருக்கிறவன் காதில் விழும் இப்படி ஓர் எண் அவன் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதும் அதில் ஒன்று.

ஆனால் அந்த ஆயுதம் நம் பக்கமும் திரும்பும். பேர் போன டீமுக்கு எல்லா வேலையும் வரும், அதற்குப் பொருந்தாத வேலையும் வரும். 1944 ஜனவரி 30 அன்று இத்தாலியில் சிஸ்டெர்னா என்ற ஊரை நோக்கி அமெரிக்க ரேஞ்சர் படையின் இரண்டு பட்டாலியன்கள் இரவில் ஊடுருவின. வட ஆப்பிரிக்காவிலும் சிசிலியிலும் பேர் வாங்கியவர்கள். கையில் கனரக ஆயுதம் இல்லை. விடிந்தபோது ஜெர்மன் டாங்கிகளுக்கும் காலாட்படைக்கும் நடுவில் திறந்த வெளியில் இருந்தார்கள். போன 767 பேரில் திரும்பி வந்தவர்கள் 6 பேர். பெரும்பாலானவர்கள் சிறைப்பட்டார்கள். ‘அவர்கள் ரேஞ்சர்கள், எப்படியாவது செய்துவிடுவார்கள்’ என்ற நினைப்பு திட்டம் போட்டவர்களின் மனதில் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் எங்களுக்கும் அதே தொனியில் வேலை வந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒரு மேட்டை நேராக ஏறிப் பிடிக்கச் சொன்னார்கள். பீரங்கி ஆதரவோடு ஒரு காலாட்படைக் கம்பெனி செய்ய வேண்டிய வேலை அது. ‘நீங்கள் ராசியான டீம்தானே’ என்றார்கள். எங்கள் மேஜர், “சார், இது எங்கள் வேலை இல்லை. எங்களை அனுப்பினால் ஆளும் போகும், மேடும் கிடைக்காது” என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய அடுத்த பதவி உயர்வு தாமதமானது. அவர் சொன்னதால் உயிரோடு வீடு திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

பேர் யாருக்குப் போய்ச் சேரும் என்பதும் தனி விஷயம். 1943 செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் கிரான் சாஸோ மலை உச்சியில் சிறைவைக்கப்பட்டிருந்த முசோலினியை ஜெர்மானியர்கள் மீட்டார்கள். மேஜர் ஹரால்ட் மோர்ஸ் தலைமையிலான பாராசூட் பட்டாலியனின் வேலை அது. கூடப் போன எஸ்.எஸ். அதிகாரி ஓட்டோ ஸ்கோர்ஸெனி, அதிகச் சுமை தாங்காத குட்டி விமானத்தில் முசோலினியோடு தானும் ஏறியே தீருவேன் என்று அடம்பிடித்து ஏறினார். விமானம் பள்ளத்தாக்கில் சரிந்து, கடைசி நேரத்தில்தான் நிமிர்ந்தது. விழுந்திருந்தால் மொத்த வேலையும் வீண். விழவில்லை. ஸ்கோர்ஸெனி உலகப் புகழ் பெற்றார், மோர்ஸின் பேர் சிலருக்குத்தான் தெரியும். பேருக்காக ஒருவன் வேலையையே பணயம் வைப்பான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லாப் படையிலும் இருக்கிறார்கள். டீமில் ஆபத்தான ஆள் பயந்தவன் என்று வெளியே நினைக்கிறார்கள். பயந்தவனை வைத்துச் சமாளிக்கலாம். இன்னும் பேர் வாங்காத, சீக்கிரம் வாங்கியே ஆக வேண்டும் என்று துடிக்கிறவன்தான் ஆபத்து.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் ஹவில்தார் கொண்டுவந்த சில பழக்கங்களை நான் கடைசிவரை விடவில்லை.

முக்கியமானது, ஜெயித்த பிறகு நடக்கும் டீ-பிரீஃபிங் (debriefing), அதாவது நடந்ததை எல்லோரும் உட்கார்ந்து அலசுவது. தோற்றால் எல்லோரும் தோண்டித் துருவுவார்கள். ஜெயித்தால் டீ குடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். அவர் விடமாட்டார். வட்டமாக உட்காரவைத்து, நாம் செய்யாமலே நமக்குச் சாதகமாக நடந்தது என்ன என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும் என்பார். இருப்பதிலேயே இளையவன் முதலில் பேச வேண்டும். கமாண்டர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். அந்த வட்டத்தில் ரேங்க் கிடையாது. அந்த மலை இரவுக்குப் பிறகு நடந்த வட்டத்தில்தான் ‘கல் நம்முடையது’ என்பதை முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னோம். சொன்னதால் நடையில் இருந்த குறையைப் பிடிக்க முடிந்தது. இருட்டில் முழு எடையையும் ஊன்றும் முன் காலால் கல்லை அழுத்திப் பார்க்கும் பயிற்சியை மறுபடி ஆரம்பித்தோம். ராசியான டீம் என்ற பட்டத்தில் மிதந்துகொண்டிருந்தால் அந்தக் குறை அடுத்த மலை வரைக்கும் கூடவே வந்திருக்கும்.

அப்புறம், எப்போது திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே எண்ணாக எழுதிவைப்பது. இத்தனை பேர் குறைந்தால், இத்தனை மணிக்குள் இந்த இடத்தை அடையாவிட்டால், ரேடியோ இரண்டும் போனால் திரும்பிவிட வேண்டும். அங்கே போய் யோசித்தால் மனசு நம்மை ஏமாற்றும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று தோன்றும். ஈரான் பாலைவனத்தில் மீட்புப் படையின் தலைவர் கர்னல் பெக்வித்திடம் ஐந்து ஹெலிகாப்டரோடு தொடர முடியுமா என்று கேட்கப்பட்டது. முடியாது என்றார். உலகம் அந்த இரவைத் தோல்வி என்று எழுதியது. ஐந்தோடு போயிருந்தால் நகரத்துக்குள் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த வேலையைச் செய்தவர்கள் அறிவார்கள். அந்தத் தோல்வியை நேர்மையாக அலசியதால்தான் இரவு ஹெலிகாப்டர் வேலைக்கென்றே தனிப் பட்டாலியன் 1981-ல் உருவானது, 1987-ல் எல்லாச் சிறப்புப் படைகளுக்கும் ஒரே தலைமையகம் வந்தது.

ஒத்திகையில் ஆட்களைக் காணாமல் போகவைப்பதும் அப்படித்தான். 1970 நவம்பர் 21 அன்று வட வியட்நாமில் சான் டே சிறைமுகாமுக்குப் போன அமெரிக்கக் குழுவில் ஒரு ஹெலிகாப்டர் தவறுதலாக 400 மீட்டர் தள்ளி வேறொரு வளாகத்தில் இறங்கிவிட்டது. அதில் இருந்தவர்களில் ஒருவர் அந்த நடவடிக்கையின் துணைத் தலைவர் கர்னல் சைமன்ஸ். அவர் இல்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் திகைத்து நிற்கவில்லை. அந்தக் குழு வராவிட்டால் என்ன செய்வது என்பதை முன்பே ஒத்திகை பார்த்திருந்ததால் அதற்கான திட்டத்துக்கு உடனே மாறினார்கள். போனவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. முகாமில் கைதிகள் யாரும் இல்லை, ஜூலையிலேயே மாற்றப்பட்டிருந்தார்கள். காலி முகாமுக்குப் போனவர்கள் என்ற பேச்சு வந்தது. அதற்குப் பிறகு சிதறிக்கிடந்த கைதிகள் ஹனோயில் ஒன்றாக வைக்கப்பட்டார்கள், அவர்கள் நிலைமை முன்னைவிட மேம்பட்டது. நாங்கள் ஒத்திகையில் திடீரென்று கமாண்டரைத் தொட்டு “சாப், நீங்கள் செத்துவிட்டீர்கள், உட்காருங்கள்” என்போம். முதல் சில முறை எல்லாம் குழம்பும். குழம்பட்டும், அங்கே குழம்பினால் யாரும் சாவதில்லை.

ஒத்திகை எவ்வளவு செய்தாலும் ஏதாவது ஒன்று தப்பும். 2011 மே 2 அன்று ஒசாமா பின் லேடன் இருந்த அபோட்டாபாத் வீட்டில் இறங்கிய அமெரிக்க ஹெலிகாப்டர் விழுந்ததற்கு அதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒத்திகை மாதிரியில் மதில் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி வேலி இருந்தது. உண்மையான மதிலுக்குள் காற்று வெளியே போக முடியாமல் சுழன்றது, வெப்பமும் அதிகம். ஹெலிகாப்டர் மேலே நிற்க முடியாமல் இறங்கியது. ஆனால் மாற்றாகப் பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் அருகில் காத்திருந்தன. ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது. அந்த மாற்று இல்லாமல் இருந்திருந்தால், உள்ளே என்ன நடந்திருந்தாலும், அந்த இரவும் 1980-ஐப் போலத்தான் பேசப்பட்டிருக்கும். அதனால் யாராவது உங்களிடம் ‘இந்த மாற்று ஏற்பாடு தேவையா, எடை அதிகமாகிறதே’ என்று கேட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள். வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம்.

ராசி பற்றி ஒரு வார்த்தை. தாயத்து, சாமி படம், ஒரே பழைய கைக்குட்டை என்று எல்லோரிடமும் ஏதாவது இருக்கும். இருக்கட்டும், அது மனசுக்குத் தெம்பு. உபகரணத்தைச் சரிபார்ப்பதற்குப் பதிலாக அது வராதவரை யாரும் கேலி செய்யக்கூடாது. ஆனால் ஒரு ஆளை ராசி இல்லாதவன் என்று சொல்வதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. எங்களிடம் ஒரு பையன் இருந்தான். அடுத்தடுத்த பேட்ரோல்களில் அவனுக்கு ஜோடியாகப் போனவர்கள் காயம்பட்டார்கள். மூன்றாவது முறை அவனோடு போக ஒவ்வொருவரும் ஒரு சாக்கு சொன்னார்கள். பையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஹவில்தார் எதுவும் பேசவில்லை, தன் ஜோடியாக அவனைப் போட்டுக்கொண்டார். போர் முடியும்வரை மாற்றவில்லை. பிற்பாடு அந்தப் பையன் புதியவர்களுக்கு உஸ்தாத், அதாவது பயிற்சியாளர், ஆனான், நல்ல உஸ்தாத்.

இறந்தவர்களின் வீடுகளுக்குப் போகும்போதும் இது உதவும். அந்த இருவரில் ஒருவரின் அப்பா என்னிடம், “என் பையன் ஏதாவது தப்பு பண்ணிட்டானா?” என்று கேட்டார். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். “இல்லைங்க ஐயா. சத்தம் போட்டது எங்க பக்கம். வெளிச்சம் விழுந்தது அவங்க மேல. உங்க பையன் ஒரு தப்பும் பண்ணலை” என்றேன். விதி என்று சொல்லி முடித்திருக்கலாம். அவர் கேட்டது அதை இல்லை. எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருந்தது.

அந்த கேப்டன் சில வருடங்கள் ஓரமாக உட்காரவைக்கப்பட்டார். பயிற்சி, ஸ்டோர், கோப்பு வேலை. பிறகு மேஜராகி எங்கள் டீமுக்கே கமாண்டராக வந்தார். சிலர் முகம் சுளித்தார்கள். அவருக்குக் கீழ் வேலை செய்த காலத்தில் பார்த்தேன்: கிளம்பும் முன் வானிலை அறிக்கையை அவரே மூன்று இடத்தில் கேட்பார், திரும்பும் எண்ணை எல்லோர் முன்னாலும் படிப்பார், மேலே இருப்பவர்களுக்கும் அதை அனுப்பிவிடுவார். ஒரு முறை இலக்குக்கு மிக அருகில் வந்த பிறகு எண் தாண்டிவிட்டது என்று எங்களைத் திருப்பினார். அவருடைய பழைய கதையை வைத்துப் பின்னால் பேச்சு வரும் என்று தெரிந்தேதான் திருப்பினார். பேச்சும் வந்தது. அவர் கமாண்டராக இருந்தவரை எங்கள் டீமில் ஒருவர்கூட இறக்கவில்லை. இதற்கும் அதிர்ஷ்டம் வேண்டும் என்று டீ-பிரீஃபிங்கில் அவரே சொல்வார்.

நீங்கள் ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) முடித்து ஒரு டீமுக்குப் போகும்போது அங்கே பேர் போனவர் யார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அதோடு நின்றுவிடாமல் பழைய ஆட்களிடம் கொஞ்சம் விசாரியுங்கள். நிலைமை கைமீறியபோது இவர் என்ன செய்தார், யாரைக் கூட்டிக்கொண்டு வந்தார், ஜெயித்த கதையைச் சொல்லும்போது ரேடியோ ஆப்பரேட்டர் பேரையும் மெடிக் பேரையும் சொல்கிறாரா, பக்கத்து டீமைப் பற்றி எப்படிப் பேசுகிறார். பதில் கிடைக்க நாளாகும், விசாரித்துக்கொண்டே இருங்கள். உங்களுக்கும் ஒரு நாள் பேர் கிடைக்கும். விருதுக்கான அறிக்கையை எழுத யாராவது உங்களிடம் விவரம் கேட்டு வருவார்கள். அன்று மேகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த வரியை அடித்துவிடுவார்கள். அறிக்கையின் ஒரு நகலை நீங்கள் எழுதியபடியே டீமின் பதிவில் வைத்துவிடுங்கள், அடுத்து அந்தச் சரிவில் ஏறப்போகிறவர்கள் படிப்பது அதைத்தான்.